மழை பட்டதும் மேடை லைட் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஆடி மாதக் கோயில் கொடையில் தொடங்கி மார்கழிக் கச்சேரி வரை, திறந்தவெளி மேடைக்கு லைட் கட்டுகிறவர்களின் சீசனும் மழையின் சீசனும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஐப்பசியில் பட்டறைக்கு வருகிற லைட்டுகளைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "உள்ளே தண்ணி போயிருச்சு." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் உள்ளே ஈரமே இருக்காது. தண்ணீர் போனது பிளக்கில், கேபிள் மூட்டில், தரையில் கிடந்த ஜங்ஷன் பாக்ஸில். அதைப் பார்க்காமல் ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்று சோதித்த தரம்) லைட்டாகப் பத்து வாங்கி அதே பழைய கேபிளில் மாட்டினால், அடுத்த மழையிலும் அதே தொல்லைதான்.

அதனால் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் கீழே உள்ள வரிசையில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் விழுங்கும் காரணம் கடைசியில் வரும். எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி: மழை பெய்துகொண்டிருக்கும்போது எந்தக் கனெக்டரையும் கழற்றிப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்து, பிளக்கை உருவி, கை காலைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சோதனை. விழாக் கமிட்டி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் இறங்கி வராதீர்கள்.

## தூறல் விழுந்ததும் டிபி பாக்ஸ் டிரிப் ஆகிறது

டிபி பாக்ஸ் என்பது மின்சாரத்தை லைன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி. அதில் முதலில் எது விழுந்தது, அதாவது தானாக அணைந்தது, என்று பாருங்கள். எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் அணையும் சுவிட்ச்) விழுந்திருந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட். டெஸ்ட் பட்டன் இருக்கிற ஆர்சிசிபி விழுந்திருந்தால் மின்சாரம் எங்கேயோ எர்த்துக்குக் கசிகிறது. மழை நாளில் விழுவது அநேகமாக ஆர்சிசிபிதான். அது விழும் விதத்தை வைத்தே காரணத்தைப் பாதி பிடித்துவிடலாம்.

### போட்டால் அதே நொடியில் விழுகிறது

ஏதோ ஒரு மூட்டில் தண்ணீர் நிற்கிறது. எல்லா லைன்களையும் கழற்றிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கிவிடுங்கள். வெறும் டிபியே நிற்கவில்லை என்றால் ஈரம் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நின்றால், அணைத்துவிட்டு ஒரு லைனை மாட்டுங்கள், மறுபடி போடுங்கள். எந்த லைனில் விழுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த லைனின் கடைசி லைட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள், எளிதானதிலிருந்து:

- தரையில் கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸ். வீட்டு ஐந்து பின் சாக்கெட் வைத்த பாக்ஸ் மழைக்கானது அல்ல, பாலித்தீன் போட்டு மூடினாலும் அல்ல.
- பிளக் இல்லாமல் கம்பியைச் சீவிச் சொருகி, தீக்குச்சியால் இறுக்கிய இடம். இதைப் பார்த்தால் சோதனை செய்ய வேண்டாம், வெட்டி எறிந்துவிட்டுப் பிளக் போடுங்கள்.
- இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டு. டேப் தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. ஒரு வாரம் கழித்துப் பிரித்தாலும் செம்பின் மேல் பச்சைக் களிம்பு ஈரமாகவே இருக்கும்.
- வரிசையின் கடைசி லைட்டில் மூடியில்லாமல் திறந்திருக்கும் "அவுட்" பாயின்ட். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. லைட் ஐபி65 ஆக இருந்தாலும், அந்த எண் எல்லாக் கனெக்டரும் மாட்டியிருக்கும்போதோ மூடி போட்டிருக்கும்போதோதான் செல்லும். பெட்டியில் வந்த ரப்பர் மூடியை முதல் நிகழ்ச்சியிலேயே தொலைத்துவிட்டு அந்த லைட்டை மழைக்கு நம்ப முடியாது.

நீல நிறப் பவர்கான் போட்ட லைட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது உள்ளரங்குக் கனெக்டர். தண்ணீருக்குத் தாங்கும் வகை ட்ரூ1. அதுவும் மாட்டிய நிலையில்தான் ஐபி65. வெளியே கட்டுகிற லைட்டில் நீலப் பவர்கானோ, கம்ப்யூட்டருக்கு வருகிற சாதாரண மூன்று பின் சாக்கெட்டோ இருந்தால், மேலே என்ன எண் அச்சடித்திருந்தாலும் அதை மழை லைட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

### நன்றாக நின்றது, மழை வலுத்ததும் விழுகிறது

தண்ணீர் மேலேயிருந்து கேபிள் வழியாக வழிந்து வந்து கனெக்டருக்குள் இறங்குகிறது. லைட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கேபிள் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். அந்த வளைவின் அடியில் தண்ணீர் சொட்டி விழுந்துவிடும், மூட்டுக்குப் போகாது. டிரஸ்ஸில் (லைட் தொங்கவிடும் உலோகச் சட்டத்தில்) கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், மழையில் நிற்காது.

நடுவழியில் மூட்டு தவிர்க்க முடியாவிட்டால் அதைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, கேபிளை அதன் வாய் வழியாக விட்டு, மூட்டின் மேல் குடை மாதிரி கவிழ்த்து, வாயை மட்டும் டேப்பால் அடைத்துவிடலாம். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். செலவில்லாத வேலை, ஒரு சீசன் முழுக்கத் தாங்கும்.

### மழையே இல்லை, எல்லாவற்றையும் போட்டால்தான் விழுகிறது

இது பழுது அல்ல. ஒவ்வொரு எல்இடி லைட்டின் பவர் சப்ளையும் இயல்பாகவே சிறிது மின்சாரத்தை எர்த்துக்கு விடும், சுமார் அரை முதல் ஒரு மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி முழு 30 வரை காத்திருக்காது. 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஒரே ஆர்சிசிபியில் 25 பார் (PAR) லைட் மாட்டினால் அது நிற்பதே அதிர்ஷ்டம்தான். லைட்டுகளை இரண்டு, மூன்று ஆர்சிசிபியாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று விழுந்தாலும் மேடை முழுக்க இருட்டாகாது என்பது கூடுதல் லாபம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எல்லா மூட்டையும் காயவைத்த பிறகும் ஒரு லைட் அல்லது கேபிள் விழவைத்துக்கொண்டே இருந்தால் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் கேபிளை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. லைட்டை மெகர் செய்யும்போது பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பவர் சப்ளை போய்விடும். பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். "ஆர்சிசிபியைப் பைபாஸ் பண்ணிடலாம், நிகழ்ச்சி முடியட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது விழுவதால்தான் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

## டிரஸ்ஸையோ ஸ்டாண்டையோ தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது

இங்கே படிப்படியாகப் பார்ப்பதெல்லாம் பிறகு. முதலில் மெயினை இறக்குங்கள், மேடையில் இருப்பவர்களைக் கீழே அனுப்புங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் நாட்டியக்காரர்களும் கூத்துக் கலைஞர்களும். லைட்டிங்காரருக்கு ரப்பர் செருப்பில் "லேசா இழுக்குது" என்று தெரிகிற மின்சாரம், சலங்கை கட்டிய ஈரக்காலுக்கு அதைவிட அதிகமாகப் போகும்.

### லேசான கூச்சம், எல்லா லைட்டிலும்

எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எர்த் இல்லாத எல்இடி லைட்டின் உடம்பு பாதி வோல்டேஜில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் மினுக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் டிரஸ்ஸின் வெற்று உலோகத்துக்கும் நடுவே பாருங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கோர் கேபிள் ஒன்று நடுவில் நுழைந்திருக்கும், அல்லது யாரோ பிளக்கின் எர்த் பின்னை உடைத்திருப்பார்கள், அல்லது டிரஸ்ஸுக்கு எர்த் கம்பியே கட்டியிருக்க மாட்டார்கள். மூன்றுக்கும் செலவு மிகக் குறைவு.

### பலமான அடி, ஒரே இடத்தில்

கேபிளின் தோல் கிழிந்து பேஸ் நேராக இரும்பைத் தொடுகிறது, அல்லது ஒரு லைட்டுக்குள் கம்பி அவிழ்ந்து உடம்பில் படுகிறது. கிளாம்புக்கு அடியில் நசுங்கிய கேபிள், டிரஸ் மூலையில் உரசிய கேபிள், எலி கடித்த கேபிள் என்ற வரிசையில் தேடுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் மட்டும்.

### ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும்

இதுதான் ஆபத்தானது, இதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் செய்யாமல் விட்டிருந்தால் ஆர்சிசிபி இருந்தும் பயனில்லை. ஒருவர் பேஸைத் தொட்டாலும் அது விழாமல் போகலாம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் விழும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. "டெஸ்ட் பண்ணேன், நல்லாதான் இருக்கு" என்ற நம்பிக்கை இங்கே பொய்யாகிவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இந்த அறிகுறியில் எப்போதுமே. லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து எர்த் கம்பி அடித்து, ஜெனரேட்டர் நியூட்ரலைக் கட்டி, அளந்து காட்டிய பிறகுதான் மேடையில் ஆள் ஏற வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்தில் ஈர டிரஸ்ஸைத் தூக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மேடை எங்கே அமைய வேண்டும் என்று பந்தல்காரர் முடிவு செய்யும்போதே லைட்டிங்காரரும் கூட இருந்து மேலே பார்த்துச் சொல்ல வேண்டும்.

## லென்ஸுக்குள் ஆவி படிகிறது, அல்லது தண்ணீர் நிற்கிறது

இரண்டும் வேறு வேறு. கண்ணாடியின் உள்பக்கம் எவ்வளவு ஈரம், எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

### லேசான மூடுபனி, லைட் எரிந்து அரை மணியில் போய்விடுகிறது

மார்கழிப் பனி இரவில் இது வரும். உள்ளே இருந்த காற்றின் ஈரம்தான் படிகிறது. பகலில் ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிட்டுப் பார்த்து, திரும்ப வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

### ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் திரும்பத் திரும்ப வருகிறது

மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறது. தரமான ஐபி65 லைட்டின் பின்புறம் சின்னப் பொத்தான் அளவில் ஒரு திருகு இருக்கும், அதற்குள் வெள்ளைச் சவ்வு. காற்று போகும், தண்ணீர் போகாது. எரிந்து சூடான லைட்டின் மேல் திடீரென்று மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 60 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்கினாலே உள்ளழுத்தம் சுமார் 9 விழுக்காடு குறையும். சவ்வு திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து சரியாகிவிடும். அதன் மேல் தூசியோ பெயின்டோ, ஆர்வக் கோளாறில் தடவிய சிலிகானோ இருந்தால், லைட் கேபிள் நுழைகிற கிளாண்ட் வழியாகத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கிழிந்திருந்தால் அந்தத் திருகை மட்டும் மாற்றலாம்.

வாங்கும்போது முதலில் லைட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இந்தத் துவாரம் இல்லாத "வாட்டர்ப்ரூஃப்" லைட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

### சொட்டுச் சொட்டாக நிற்கிறது, அல்லது ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கிறது

மின்சாரம் கொடுக்காதீர்கள். திறந்து பாருங்கள்.

1. கிளாண்ட் தளர்ந்திருக்கிறதா? கேபிளைப் பிடித்து இழுத்தால் அசையக் கூடாது. கேபிளை மாற்றிப் போட்டவர்கள் மெல்லிய கேபிளைப் போட்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.
2. மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டதா, ஓரிடத்தில் பிதுங்கியிருக்கிறதா? யாரோ ரிப்பேருக்குத் திறந்து, மூடும்போது அது விலகியிருக்கும். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.
3. கண்ணாடியில் மயிரிழை விரிசல். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

சிலிகான் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வினிகர் வாடை அடிக்கிற சாதாரண ட்யூபை உள்ளே பயன்படுத்தாதீர்கள். அந்த அமிலம் செம்பையும் போர்டையும் அரிக்கும். மழையில் தப்பிய லைட் மூன்று மாதத்தில் சிலிகானால் சாகும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

காயவைப்பது: மூடியைத் திறந்து, வெயில் நேரடியாகப் போர்டில் விழாமல், காற்றோட்டத்தில் இரண்டு நாள். பச்சைக் களிம்பு தெரிந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துத் துடையுங்கள். மூடும் முன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போர்டிலும் ஃபேனிலும் படாமல் ஒட்டிவிடலாம்.

எப்போது நிறுத்துவது: எல்இடி போர்டின் தடங்கள் கறுத்திருந்தாலோ, பவர் சப்ளைக்குள் உப்புப் பூத்திருந்தாலோ பட்டறைக்குக் கொடுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கை உருவிய பிறகும் மின்சாரம் நிற்கும்.

## லைட் எரிகிறது, ஆனால் கன்சோல் சொல்வதைக் கேட்பதில்லை

தானாக நிறம் மாறுகிறது, துடிக்கிறது, ஒன்றுமட்டும் பைத்தியம் பிடித்தது போல ஆடுகிறது. மழை நாளில் இதற்குக் காரணம் கன்சோலின் கட்டளையை லைட்டுக்குக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் லைன்தான். லைட்டைக் கழற்ற வேண்டாம்.

ஒரு லைட்டிலிருந்து தொடங்கி அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஆடுகின்றனவா? அப்படியானால் அந்த லைட்டுக்குள் நுழையும் கேபிளில்தான் கோளாறு. கழற்றி, எக்ஸ்எல்ஆர் கனெக்டரை உதறி, காயவைத்து, மாற்றுக் கேபிள் போடுங்கள். கழற்றிய கேபிளின் இரண்டு முனையையும் தனியாக வைத்து, மல்டிமீட்டரை உயர்ந்த ஓமில் வைத்து 1-2, 2-3, 1-3 பின்களுக்கிடையே பாருங்கள். காய்ந்த நல்ல கேபிளில் எதுவுமே காட்டக் கூடாது. ஏதாவது எண் ஓடினால் உள்ளே ஈரம்.

எல்லாமே ஒன்றாகத் துடிக்கின்றனவா? கடைசி லைட்டில் டெர்மினேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக்கில் 2-க்கும் 3-க்கும் நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான். பட்டறையில் நாமே செய்துகொள்ளலாம். காய்ந்த நாளில் அது இல்லாமலும் ஓடும். அதனால்தான் பலர் அதைச் சுமப்பதில்லை. ஈரத்தில் லைன் பலவீனமாகும்போது குட்டு வெளிப்படும். அடுத்து, மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பத்து மீட்டருக்கு ஓடும், அறுபது மீட்டருக்கு ஓடாது. டேட்டா கேபிள் ஜெனரேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரியுங்கள்.

ஒரே லைனில் 32 லைட்டுக்கு மேல் மாட்டியிருக்கிறீர்களா? லைனைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் வேண்டும்.

வயர்லெஸ் டிஎம்எக்ஸா? கூட்டம் வரும் வரை நன்றாக ஓடி, கூட்டம் நிறைந்ததும் தடுமாறினால் அத்தனை கைப்பேசிகளும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுவதுதான் காரணம். முக்கியமான லைட்டுகளுக்குக் கேபிளே போடுங்கள்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. ஆடுகிற லைட்டின் டிஎம்எக்ஸைக் கழற்றிவிட்டு, லைட்டின் மெனுவிலேயே ஒரு நிறத்தில் நிறுத்துங்கள். அமைதியாக எரிந்தால் லைட் நல்லது. அப்போதும் துடித்தால் மட்டும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

## மூவிங் ஹெட் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது, அல்லது லாம்ப் பிடிக்கவில்லை

மூவிங் ஹெட் என்பது தலை சுழலும் லைட். அதில் பெரும்பாலான ஷார்ப்பி (கூர்மையான ஒளிக்கற்றை) வகை லைட்டுகள் ஐபி20. அதாவது தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதற்குப் பாலித்தீன் பை கட்டி மழையில் நிறுத்துவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது.

- பை கட்டிய பிறகு அணைந்து அணைந்து எரிகிறது: சூடு தாங்காமல் தானே அணைகிறது. பையைக் கீழ்ப்பக்கம் திறந்துவிடுங்கள். தலை ஆடும்போது பை ஃபேனுக்குள் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
- மழை நின்ற பிறகு லாம்ப் பிடிக்கவில்லை: சூடாக இருக்கும் டிஸ்சார்ஜ் லாம்ப் ஆறாமல் மறுபடி பிடிக்காது. பதினைந்து நிமிடம் விடுங்கள். அதன் பிறகும் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டால் லாம்பைப் பற்றவைக்கும் இக்னைட்டரில் ஈரம் ஏறியிருக்கிறது. அது பல ஆயிரம் வோல்ட் தருகிற இடம். அத்தோடு நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொடுங்கள்.
- திரும்பத் திரும்ப ரீசெட்: சென்சரில் ஈரம் அல்லது பெல்ட் நழுவல். காயவைத்தும் தொடர்ந்தால் பட்டறை.

வருடத்தில் ஓரிரு வெளி நிகழ்ச்சிதான் என்றால் ஐபி65 மூவிங் ஹெட் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். விலை மட்டும் காரணமில்லை. தண்ணீர் புகாமல் அடைத்த உடம்பு என்பதால் அதே வெளிச்சத்துக்கு அது கனமாக இருக்கும். பழைய டிரஸ்ஸும் பழைய கிளாம்பும் அந்தக் கனத்தைத் தாங்குமா என்று கணக்குப் போடாமல் மாட்டக் கூடாது. உள்ளரங்கு ஹெட்டைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பாலித்தீன் பைக்குப் பதில் இதற்கென்றே வருகிற, காற்றால் உப்பி லைட்டை மூடும் ஊதுகுடை கிடைக்கிறது. அல்லது மேடைக் கூரைக்குள்ளேயே மாட்டிவிடுங்கள்.

## வெளிச்சம் மங்குகிறது, அல்லது பல லைட் ஒரே நேரத்தில் செத்துவிட்டன

மெதுவாக, எல்லாம் சேர்ந்து மங்கினால் கேபிள் மெலிது, தூரம் அதிகம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 60 மீட்டருக்கு 15 ஆம்பியர் ஓட்டினால் சுமார் 26 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5-இல் 16 வோல்ட். எல்இடி லைட் இதைப் பொறுத்துக்கொள்ளும். ஹாலஜன் மஞ்சளாகிவிடும், டிஸ்சார்ஜ் லாம்ப் அணைந்துபோகலாம்.

ஒரு லைட் மட்டும் மங்கினால் பின்பக்க இறகுகளில் சேறும் தூசியும் அப்பியிருக்கும், அல்லது முதல் மழைக்குக் கிளம்பும் ஈசல் லென்ஸை மூடியிருக்கும். துடைத்தால் போதும். ஈசல் கூட்டம் வரும் நாளில் வெள்ளை வெளிச்சத்தைக் குறைத்து, ஆம்பரில் ஓட்டினால் கொஞ்சம் குறையும்.

சில லைட்டுகள் பளீரென்று கூடி, சில மங்கின என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றிருக்கிறது. 230 வோல்ட்டுக்கு இருக்க வேண்டிய லைட்டுக்கு 400 வரை போய்க்கொண்டிருக்கும். ஒரே நிமிடத்தில் பத்துப் பவர் சப்ளை போவது இப்படித்தான். மழையில் ஈரமாகிக் கருகிய நியூட்ரல் மூட்டு, தளர்ந்த ஜெனரேட்டர் டெர்மினல் என்று தேட வேண்டும். ஆனால் தேட வேண்டியது வயர்மேன். செத்த லைட்டுகளில் முதலில் ஃப்யூஸ், அடுத்து அதையொட்டி இருந்து அதிக வோல்டேஜைத் தடுக்கும் வேரிஸ்டர் ஆகிய இரண்டு மட்டும் போயிருந்தால் பட்டறையில் சில்லறைச் செலவில் தேறிவிடும். கெப்பாசிட்டர் வெடித்திருந்தால் பவர் சப்ளையையே மாற்ற வேண்டியிருக்கும். டிபி பாக்ஸில், வோல்டேஜ் எல்லை மீறினால் லைனைத் தானே துண்டிக்கும் வோல்டேஜ் ரிலே ஒன்று போட்டுவிட்டால் இந்தச் செலவு வராது. மழைக்காலத்துக்கு லைட் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

## ஒரு நிறம் மட்டும் வரவில்லை

கன்சோலில் சேனல் சரியா என்று லைட்டின் மெனுவிலிருந்தே சிவப்பை மட்டும் போட்டுப் பாருங்கள். வந்தால் அட்ரஸ் (லைட்டின் டிஎம்எக்ஸ் எண்) அல்லது மோடு தவறு. வராவிட்டால் அந்த நிறத்தின் தொடரில் ஓர் எல்இடி போயிருக்கும், ஒன்று போனால் அந்தத் தொடர் முழுக்க அணையும். போர்டு வேலை. பட்டறைக்குத்தான்.

## திருகு துருப்பிடிக்கிறது, உடம்பில் வெள்ளைப் பொடி பூக்கிறது

கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருமண லான்களிலும், ராமேஸ்வரம், கன்னியாகுமரி பக்கத்து மேடைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். மாமல்லபுரத்தில் டிசம்பர் கடைசியில் தொடங்கும் நாட்டிய விழா போல நாள் கணக்கில் கடல்காற்றில் நிற்கும் லைட்டுகளுக்கு, மழையைவிட உப்புதான் எதிரி. ஐபி எண்ணில் உப்புக்கு இடமே இல்லை, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில்தான் நடக்கிறது.

பூப்பு வெளியே மட்டும் இருந்தால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும், லைட் ஆறியதும், நல்ல தண்ணீரைக் குறைந்த வேகத்தில் ஊற்றிக் கழுவித் துடையுங்கள். ஐபி65 உள்ளதை மட்டும். மற்றவற்றை ஈரத்துணியால். கனெக்டர் பின்களில் பச்சை தெரிந்தால் கனெக்டரையே மாற்றுங்கள். துருப்பிடித்த திருகை 316 தர ஸ்டீலுக்கு மாற்றலாம், 304 கடலோரத்தில் பழுப்பேறும். தொங்கவிடும் பிராக்கெட்டும் சேஃப்டி வயரும் அரித்திருந்தால் பேச்சே இல்லை, அந்த லைட்டைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது.

## மாற்றத்தான் வேண்டும் என்றால்

எண்ணைப் படிக்கும்போது முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி44 சாரலுக்கு: கூரையுள்ள மேடையின் உள்பக்கத்துக்குப் போதும். ஐபி65 என்பது 6.3 மி.மீ. குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீர் பீய்ச்சி, குறைந்தது மூன்று நிமிடம் தாங்கியது. திறந்த டிரஸ்ஸுக்கு இது வேண்டும். ஐபி66-க்கு அதே சோதனை 12.5 மி.மீ. குழாயில், நிமிடத்துக்கு 100 லிட்டர். ஆண்டு முழுக்கக் கம்பத்தில் நிற்கிற லைட்டுக்கு அது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கித் தாங்கியது. தண்ணீர் தேங்கும் தரையில் வைக்கிற அப்லைட்டுக்கு அதைப் பாருங்கள். ஆனால் ஐபி67 என்று மட்டும் போட்டிருந்தால் அது பீய்ச்சலையும் தாங்கும் என்று பொருளாகாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எண்ணும் போட்டிருக்க வேண்டும்.

இந்தச் சோதனை எல்லாம் புது லைட்டில் நடந்தது. ஐந்து வருடம் டெம்போவில் குலுங்கிய, நான்கு முறை திறந்து மூடிய லைட்டுக்கு அந்த எண் பொருந்தாது. பழைய லைட் வாங்கும்போது ஸ்டிக்கரை விடுங்கள், ரப்பர் வளையத்தையும் கிளாண்டையும் பாருங்கள். புது லைட் வாங்கும்போது ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிளக்கை உருவி, கனெக்டர்களுக்கு மூடி போட்டு, தோட்டத்துக் குழாயால் எல்லாப் பக்கமும் ஐந்து நிமிடம் நனையுங்கள். மறுநாள் காலையில் திறக்காமல் லென்ஸைப் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லாவிட்டால் மீதியை ஆர்டர் கொடுங்கள். அந்த ஆர்டரிலேயே கூடுதல் ரப்பர் மூடிகளும் ரப்பர் வளையங்களும் கேட்டு வாங்குங்கள், பின்னால் தனியாகத் தேடினால் அதே அளவில் கிடைப்பது கடினம்.